கல்வராயன் மலை: நிலமும் ஜாகிரும் பிழைப்பும்

கல்வராயன் மலை தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. இன்றைய கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. பழைய ஆவணங்களிலும் அரசாணைகளிலும் 'கல்ராயன் மலை' என்ற பெயரே மிகுதியாகக் காணப்படும். மலையின் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன்மலை வட்டமாகவும், மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவும் உள்ளது. கிழக்குப் பகுதியின் தலைமையிடம் வெள்ளிமலை. மேற்குப் பகுதியின் முக்கிய ஊர் கருமந்துறை.

சமவெளியிலிருந்து பார்த்தால் இது தொலைவான மலையல்ல. கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. ஆனால் நிர்வாக வரலாற்றில் இம்மலை மிகத் தொலைவில் இருந்தது. இந்தியா விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின், 1976ல்தான் இது ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. மலையின் இன்றைய பொருளியல் நிலை, நிலப் பட்டாச் சிக்கல், வேலை தேடி வெளியேறுதல், கள்ளச்சாராயம் எனப் பேசப்படும் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்தத் தாமதத்திலிருந்து தொடங்குவதே சரியான வழி.

நில அமைப்பு

கல்வராயன் தனித்த ஒரு சிகரமல்ல. மேலே அகன்ற மேட்டுநிலமும் அதை வெட்டிச்செல்லும் பள்ளத்தாக்குகளும் கொண்ட மலைக்கூட்டம். மேட்டுநிலம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் உள்ளது. தெற்கே சில முகடுகள் 4,000 அடியை எட்டும். வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். வடக்கே ஜவ்வாது மலை, மேற்கே சித்தேரி மலையும் அருநூற்று மலையும், தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்குக்கு அப்பால் பச்சைமலையும் கொல்லிமலையும் உள்ளன.

இந்த ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு வரலாற்றில் முக்கியமானது. சேலத்தையும் கடலூர்க் கரையையும் இணைத்த பழைய வழி இதனூடாகவே சென்றது. இன்றைய சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும் ஏறத்தாழ அதே வழியில்தான் செல்கிறது. படைகளும் வணிகமும் வரிவசூலும் மலையின் காலடியைத் தொட்டுச் சென்றனவே தவிர, மேலே ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் செங்குத்தான சரிவு மட்டுமல்ல, மலைக்காய்ச்சலும்தான். மலேரியாவுக்குத் தமிழில் இருந்த அந்தப் பெயரே இத்தகைய மலைகளைப் பற்றிய சமவெளியினரின் அச்சத்தைச் சொல்லிவிடும்.

காடு உயரத்துக்கேற்ப மாறுகிறது. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் வரை முட்புதர்க் காடு. அதற்கு மேல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு. மேலே ஈரமுள்ள மடிப்புகளில் மட்டும் சிறுசிறு சோலைகள். மூங்கில், கடுக்காய், நெல்லி, புளி, புங்கு ஆகியவையும் முன்பு சந்தனமும் இக்காட்டின் பயன்தரு மரங்கள்.

மலையின் நீர் பெரும்பாலும் வெள்ளாற்றுக்குச் செல்கிறது. தென்மேற்குச் சரிவில் கரியகோயில் ஆறு இறங்கி வசிஷ்ட நதியில் சேர்கிறது. வசிஷ்ட நதி பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் வழியாக ஓடி, சுவேத நதியுடன் கலந்து வெள்ளாறாகிறது. கிழக்குச் சரிவில் கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் பிறக்கின்றன. மணிமுக்தா விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலை அடைகிறது. மேகம், பெரியார், கவியம் ஆகிய அருவிகள் கிழக்குப் பகுதியில் உள்ளன.

இந்த நீர் யாருக்குப் பயன்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1960களில் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையும், 1970ல் அகரகோட்டாலம் அருகே மணிமுக்தா அணையும் கட்டப்பட்டன. கோமுகியின் முழு உயரம் 46 அடி, மணிமுக்தாவினுடையது 36 அடி. இரண்டும் அடிவாரத்தில் நிற்கும் அணைகள். பாசனம் முழுவதும் கீழே. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் நெல்லும் கரும்பும் பெருகின. கரும்பை ஆட்டக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் அமைந்தன. அணைகள் கட்டப்பட்ட காலத்தில், அந்த நீர் பிறக்கும் மலையோ இன்னும் ஜாகிராகவே இருந்தது. மேலேயுள்ள வேளாண்மை அன்றும் இன்றும் பெரும்பாலும் மழையை நம்பியது.

மக்கள்

மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்தின் மலையாள மொழிக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என்பதே பொருள். அவர்களின் தாய்மொழி தமிழ். பெயருக்குப் பின் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது வழக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மலையாளிகள் 3,57,980 பேர். மாநிலத்தின் மொத்தப் பழங்குடியினரான 7,94,697 பேரில் இது ஏறத்தாழ 45 விழுக்காடு. தமிழ்நாட்டின் மிகப்பெரிய பழங்குடி இவர்களே.

பட்டியல் பழங்குடி என்ற தகுதி இவர்களுக்கு மாவட்ட வாரியாக வழங்கப்பட்டது. பழைய சேலம், தருமபுரி, வடார்க்காடு, தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மலையாளிகள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பட்டியலில் இல்லை. நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துவருகிறார்கள். கோட்டை மனிதர்கள் வரைய, அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதால் ஒருவரின் உரிமை மாறுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கல்வராயனிலும் இத்தகைய கோடுகள் உண்டு.

மலையாளிகளின் தோற்றக் கதைகள் அவர்களைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாகச் சொல்கின்றன. சேர்வராயன், கொல்லி, பச்சைமலைக்காரர்கள் மூன்று அண்ணன் தம்பிகளின் வழியினர் என்பது ஒரு கதை. கல்வராயன் மக்களின் கதை சற்று வேறு. தாங்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் என்றும், மலையில் முன்பே இருந்த வேடர்களை வென்று அவர்களின் பெண்களை மணந்தோம் என்றும் அவர்கள் சொன்னதாக எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதியில் பதிவாகியுள்ளது. திருமணத்தில் ஒரு துப்பாக்கி வெடிப்பது அந்த வேடக் கணவனின் சாவைக் குறிக்கிறது என்ற விளக்கமும் அங்கே உண்டு.

இக்கதைகளை நடந்த வரலாறாக அப்படியே கொள்ள முடியாது. வேளாளர் என்ற உரிமைகோரல் சமவெளியுடன் மதிப்பான உறவை நாடுவதைக் காட்டுகிறது. வேடர் பற்றிய பகுதி, மலையின் மூத்த குடிகள் வேறு யாரோ என்ற நினைவை விட்டுவைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே கதையில் வைத்திருப்பதுதான் கவனத்துக்குரியது: வெளியிலிருந்து வந்த மதிப்பும் வேண்டும், மண்ணின் உரிமையும் வேண்டும். மண்ணுரிமை தாய்வழியாக வருகிறது.

ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார் என்ற அடுக்கில் வழக்குகளும் திருமணங்களும் தீர்க்கப்பட்டன. வழிபாட்டில் கரியராமருக்கு முதன்மை உண்டு. கரியகோயில் ஆறும் அதன் அணையும் அந்தக் கோயிலின் பெயரையே தாங்கியுள்ளன.

ஜாகிர்கள்

சங்க காலத்தில் இம்மலையைச் சூழ்ந்த நிலங்கள் நன்கு அறியப்பட்டவை. கிழக்கே பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் மலையமான் திருமுடிக்காரி ஆண்டான். அவன் நாடு மலாடு எனப்பட்டது. வடக்கே செங்கம் பகுதி நன்னனுடையது. மலைபடுகடாம் அவனைப் பாடியது. பின்னர் பல்லவர், சோழர், விசயநகரப் பேரரசு, செஞ்சி நாயக்கர் என ஆட்சிகள் மாறின.

மலையின் தனி வரலாறு விசயநகரக் காலத்தோடு தொடங்குவதாக மரபு சொல்கிறது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் இம்மலையைச் சில தலைவர்களுக்கு வழங்கினார் என்பது ஜாகிர்தார் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது. தென்னார்க்காட்டுப் பகுதியில் மூன்று ஜாகிர்கள் இருந்தன: சடையக் கவுண்டன் ஜாகிர், குரும்பக் கவுண்டன் ஜாகிர், அரியக் கவுண்டன் ஜாகிர். சேலம் பகுதியில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டு. சடையக் கவுண்டன் என்பது ஒருவரின் பெயராகத் தொடங்கி, பட்டமாகி, பிறகு மலையின் ஒரு பகுதிக்கே பெயரானது. பழைய நிலப்படங்களில் மலையே சடையக் கவுண்டன் மலை, குரும்பக் கவுண்டன் மலை என்று குறிக்கப்பட்டது.

சேலம் பகுதி 1792ல் திப்பு சுல்தானிடமிருந்தும், தென்னார்க்காடு 1801ல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்தும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன. ஒரே மலை ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு மாவட்டங்களின் கணக்கில் ஏறியது. கீழே கும்பினி செய்த வேலை நமக்குத் தெரியும். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் தொடங்கிய ரயத்வாரி முறையில், நிலம் அளக்கப்பட்டு, ஒவ்வொரு வயலுக்கும் எண் கொடுக்கப்பட்டு, உழுபவன் பெயரில் பட்டா எழுதப்பட்டது. வரிச்சுமை கடுமையாக இருந்தது. பஞ்சங்களில் அது உயிரையே வாங்கியது. ஆனால் அந்தக் காகிதம் உழவனுக்கும் அரசுக்கும் இடையே நேரடியான உறவை உண்டாக்கியது. இன்று உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூர் போன்ற சமவெளி ஊர் ஒன்றில் நில வழக்கு வந்தால், அ பதிவேடு, புல எண், பழைய செட்டில்மெண்ட் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

மலையில் அது நடக்கவில்லை. கும்பினி ஜாகிர்தாரின் உரிமையை ஏற்றுக்கொண்டு, மலையை அவரிடமே விட்டது. வருவாய் சிறிது, காய்ச்சல் பெரிது என்ற கணக்கு அதில் இருந்திருக்கும். நிலம் அளக்கப்படவில்லை, ஊராருக்குப் பட்டா இல்லை.

மலைமக்களின் வேளாண் சொற்களில் நிலம் இரு வகை. ஏர் ஓடும் சமனான நிலம் உழவுக்காடு. சரிவில் புதரை வெட்டி எரித்து, கொத்தி விதைப்பது கொத்துக்காடு அல்லது புனக்காடு. புனம் என்ற சொல் சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் தினைப்புனமாக வருவதே. கொத்துக்காட்டில் சில ஆண்டுகள் சாமையோ தினையோ விதைத்துவிட்டு, மண் களைத்ததும் வேறு சரிவுக்குப் போவார்கள். விட்ட நிலம் மறுபடி காடாகும். இத்தகைய வேளாண்மையில் 'என் வயல்' என்பதைவிட 'எங்கள் ஊரின் காடு' என்பதே பொருள் உள்ளது. அளந்து எண் போடும் முறைக்கு இது ஒருபோதும் இசையவில்லை. பின்னாளில் நில அளவையாளர்கள் மலைக்கு வந்தபோது, ஓய்வுக்கு விட்டிருந்த சரிவுகள் அவர்களின் கண்ணுக்குக் காடாகவே தெரிந்தன.

ஜாகிர்தாரை வெறும் கொடுங்கோலராகவும், அதற்கு மாறாக மலையின் அன்பான தலைவராகவும் எழுதுவோர் உண்டு. இரண்டுமே முழுமையல்ல. அவர் அதே சாதியைச் சேர்ந்தவர், அதே தெய்வத்தைக் கும்பிட்டவர், நாட்டு வழக்குகளில் முடிவு சொல்பவர். அதே நேரத்தில் விளைச்சலில் பங்கும் வெட்டிவேலையும் பெற்றவர். அவருக்கு மேல் முறையிட மலைமக்களுக்கு இடமில்லை என்பதே முதன்மையான குறை.

1948, 1963, 1976

விடுதலைக்குப் பின் சென்னை மாகாணம் ஜமீன்தாரி ஒழிப்பில் விரைவாகவே செயல்பட்டது. 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்வாரியாக மாற்றியது. ஆனால் இனாமாகக் கருதப்பட்ட பல பெருநிலங்கள் அதில் சிக்கவில்லை. அவற்றுக்காக 1963ல் இனாம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. தற்செயலாக அதன் எண்ணும் 26தான். பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. கல்வராயன் ஜாகிர்கள் இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ் வந்தன. ஜாகிர்தார்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்குகள் முடிந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976ல். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று மு. கருணாநிதி அரசு கலைக்கப்பட்டு, தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. நாடெங்கும் நெருக்கடிநிலை. மற்ற இடங்களில் உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த காலம், இங்கே ஜாகிர் முடிந்த காலமாக நினைவில் நிற்கிறது.

1948க்கும் 1976க்கும் இடைப்பட்ட 28 ஆண்டுகளில் சமவெளியில் என்னென்ன நடந்தன என்று எண்ணிப்பார்த்தால் இழப்பின் அளவு தெரியும். காமராசர் காலத்துப் பள்ளிகள், மதிய உணவு, ஊர்தோறும் மின்சாரம், பம்புசெட், கூட்டுறவுக் கடன், பசுமைப் புரட்சியின் விதையும் உரமும் எல்லாம் அந்த இடைவெளியில் வந்தவை. ஒரு தலைமுறை முழுவதும் அடிவாரத்தில் இவற்றைப் பெற்றது. அதே தலைமுறை மேலே ஜாகிரில் வாழ்ந்தது.

கையகப்படுத்திய பின் நில அளவை நடந்தது. பலருக்குப் பட்டா கிடைத்தது. ஆனால் கணிசமான நிலம் காப்புக்காடாகவும் அரசுப் புறம்போக்காகவும் பதிவானது. பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்தில் ஒருவர் ஆக்கிரமிப்பாளராக ஆவது இப்படித்தான். சமவெளியில் 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட காகிதம் இங்கே 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. அதற்குள் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் காட்டு நிலத்தின் மீது வலுவான வேலி போட்டுவிட்டன.

இந்த வரலாற்றுப் பிழையைத் திருத்தவே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிரிட்டுவரும் பழங்குடியினருக்கு, அதிகபட்சம் நான்கு எக்டேர் வரை உரிமை வழங்க அது வழிசெய்கிறது. எது யாருடைய நிலம் என்பதை முதலில் கிராம சபை சொல்ல வேண்டும் என்பது அதன் சிறப்பு. ஆனால் 2008ல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால், தமிழ்நாட்டில் நீதிமன்ற அனுமதியின்றி உரிமைச் சான்று வழங்க முடியாத நிலை உருவானது. 2016ல் உச்சநீதிமன்றம் தலையிட்டு அதை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் கழிந்தன. மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் சான்றுகள் வழங்கிய ஆண்டுகள் அவை.

இன்னொரு பாதுகாப்பும் இங்கே இல்லை. ஒடிசா, ஜார்க்கண்ட், ஆந்திரம் போன்ற மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வருகின்றன. அங்கே பழங்குடியல்லாதவருக்கு நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. கல்வராயனில் வட்டிக் கடனுக்கும் குத்தகைக்கும் நிலம் கைமாறுவது பற்றிய குறை தொடர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

பிழைப்பு

பழைய உணவுப் பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு, கம்பு. பள்ளத்தாக்குகளில் ஓடை நீர் கிடைக்கும் இடத்தில் நெல். காட்டிலிருந்து தேன், கடுக்காய், நெல்லி, புளி, துடைப்பப்புல். கடுக்காய் ஒருகாலத்தில் நல்ல பணம் தந்தது. தோல் பதனிடுவதற்குத் தேவையான துவர்ப்புப் பொருள் அதில் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களுக்கு அது சென்றது. குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியபின் அதன் மதிப்பு குறைந்தது.

இன்று மலையின் பணப்பயிர் மரவள்ளி. தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கு போர்த்துக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. திருவிதாங்கூரில் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். சேலத்தில் அது உணவாக அல்லாமல் தொழிலாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயா, ஜாவாப் பகுதிகளிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். ஆத்தூர், சின்னசேலம் வரை ஆலைகள் பரவின. 1981ல் உற்பத்தியாளர்களுக்காகச் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு சேலத்தில் உருவானது. மலையின் இருபுறமும் ஆலைகள் இருக்க, மேலே சாமை விதைத்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது இயல்பே.

அதன் கணக்கு உழவனுக்குச் சாதகமானதல்ல. கிழங்கின் மாவுச்சத்தை ஆலையில் அளந்து 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுகிறார்கள். எத்தனை பாயிண்ட் என்று சொல்வது வாங்குபவர். பிடுங்கிய கிழங்கு சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால், விலை பிடிக்கவில்லை என்று திரும்பக் கொண்டுபோக முடியாது. மலைப்பாதை லாரி வாடகையும் உழவன் தலையில்தான். மேலும் சாமை வீட்டுக் குதிரில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். மழை பொய்த்தால் சோறு தரும். மரவள்ளி விலை விழுந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. பணப்பயிர் வந்ததால் மலை வளர்ந்தது என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பாதுகாப்பு போனதைச் சேர்த்து எழுத வேண்டும்.

அரசு முயற்சிகளும் உண்டு. கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை உள்ளது. ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் உண்டு உறைவிடப் பள்ளிகளும் சாலைகளும் வந்தன. லேம்ப்ஸ் எனப்படும் கூட்டுறவுச் சங்கங்கள் விளைபொருளையும் காட்டுப் பொருளையும் வாங்கிக் கடனும் வழங்க அமைக்கப்பட்டவை.

இவை போதாதபோது மக்கள் கீழே இறங்குகிறார்கள். குடகு, கேரளத்துக் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கும், நகரங்களின் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு செல்வோர் உண்டு. ஆபத்தான இன்னொரு வேலையும் இருந்தது: ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டுதல். மரம் வெட்டத் தெரிந்த கை, கடன் உள்ள வீடு, முன்பணம் கொடுக்கும் தரகர் ஆகிய மூன்றும் சேரும் இடங்களாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் அமைந்துவிட்டன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் காவல்துறையினரால் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். கல்வராயனின் ஆண்களும் அந்தக் காடுகளுக்குச் சென்று சிறைப்பட்டவர்களே.

அதற்கு முன் சந்தனம். மேற்கே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் மலையாளிகள் ஊரில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் செய்த வன்கொடுமைகளுக்காக 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டின் மதிப்புள்ள மரம் மக்களுக்கு வருமானமாக வருவதற்கு முன் வழக்காக வந்த வரலாறு அது.

சாராயம்

கல்வராயன் என்றதும் செய்தித்தாள் வாசகருக்கு நினைவுக்கு வருவது சாராய ஊறல். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு அதைக் கொண்டுவந்தது. அன்று தென்னார்க்காட்டில் மதுவிலக்கு இல்லை. 1948க்குள்தான் மாகாணம் முழுவதும் பரவியது. அதாவது மலையின் மேற்குப் பாதி விலக்குக்குள், கிழக்குப் பாதி விலக்குக்கு வெளியே. இரண்டு மாவட்டக் காவலும் எளிதில் ஏறாத ஜாகிர் நடுவில். காய்ச்சுபவருக்கு இதைவிடத் தோதான நிலவியல் அமைவது கடினம்.

தேவையானவை ஓடை நீர், விறகு, மரப்பட்டை, வெல்லம். முதல் மூன்றும் மலையில் உண்டு. வெல்லம் கோமுகிப் பாசனக் கரும்புக் காட்டிலிருந்து மேலே போனது; சாராயம் அதே பாதையில் கீழே வந்தது. கழுதையிலும் தலைச்சுமையாகவும், பின்னர் லாரி டியூபிலும் அது இறங்கியது. காய்ச்சும் கூலிக்கும் அதை வாங்கிக் கீழே விற்கும் வணிகருக்கும் இடையே லாபம் எப்படிப் பிரிந்தது என்பது மரவள்ளிக் கணக்கைப் போன்றதே.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பான். அது மலையின் ஊறலில் பிறந்ததல்ல. ஆயினும் தேடுதல் வேட்டை மலைமேல் திரும்பியது. மலையும் பேச்சுக்கு வந்தது. அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாராயத்தைப் பற்றிய கேள்வி சாலை, மருத்துவமனை, பள்ளி, குடும்ப அட்டை, பட்டா என விரிந்தது. 1976 வரை இம்மலை ஜாகிராக இருந்த செய்தி அந்த வழக்கின் வழியாகவே பல தமிழ் வாசகர்களுக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

இன்றைய நிர்வாகம்

தென்னார்க்காடு மாவட்டம் 1993ல் பிரிந்தபோது மலையின் கிழக்குப் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 ஜனவரி 8 அன்று அறிவிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம், அதே ஆண்டு நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. மாவட்டத் தலைமையிடம் மலைக்கு அருகில் வந்தது. வெள்ளிமலையில் வட்டாட்சியர் அலுவலகமும் அமைந்தது. முன்பு ஒரு சான்றுக்காகச் சங்கராபுரத்துக்கும் விழுப்புரத்துக்கும் அலைந்தவர்களுக்கு இது சிறிய மாற்றமல்ல.

மலையின் சேலம் பகுதி சேலத்திலேயே தொடர்கிறது. கருமந்துறையிலிருந்து வெள்ளிமலைக்கு ஒருவர் பெண் கொடுக்கலாம், பெண் எடுக்கலாம், கரியராமர் கோயிலுக்கு இருவரும் சேர்ந்து போகலாம். பட்டாவுக்கு மட்டும் ஆளுக்கொரு மாவட்ட ஆட்சியர். பயிர்க்கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், மழையில் அழிந்த மரவள்ளிக்கான இழப்பீட்டுக்கும் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. காப்புக்காடு என்று பதிவான சரிவில் பயிரிடுபவர் வன உரிமைச் சான்று கைக்கு வரும்வரை அந்த வரிசையில் நிற்பதில்லை.